விண்டோஸைப் புது எஸ்எஸ்டிக்கு மாற்றும்போது என்னதான் நடக்கிறது?

புது எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வைக்கும் வேகமான சேமிப்பகம்) கைக்கு வந்தாகிவிட்டது. இனி அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து, பழைய டிஸ்க்கின் சி டிரைவைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து காப்பி செய்து, புதுசில் பேஸ்ட் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் முதல் தடவை இதில் இறங்குகிற பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பது இயல்புதான். படம், பாட்டு, ஆவணம் எல்லாம் அப்படித்தானே ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகின்றன. ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டம் அப்படி வராது. காப்பி செய்யும்போதே நிறைய கோப்புகள் வேறொரு புரோகிராமின் பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி நகர மறுக்கும், சிலவற்றுக்கு அனுமதி இல்லை என்று வரும், அதையெல்லாம் எப்படியோ தாண்டி முழுசாகக் காப்பி செய்தாலும் அந்த டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டர் பூட் ஆகாது, அதாவது விண்டோஸ் எழுந்து வராது.

ஏன் ஆகாது என்பது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். எந்த மென்பொருளில் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதை விட இதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பட்டன்கள் வருஷத்துக்கு வருஷம் மாறும். நடுவில் ஏதாவது சிக்கல் வந்தால், பட்டன்களை மட்டும் தெரிந்தவர் திகைத்து நின்றுவிடுவார்; கம்ப்யூட்டர் எந்த வரிசையில் பூட் ஆகிறது என்று தெரிந்தவர் அந்த வரிசையில் எங்கே அறுந்திருக்கிறது என்று தேட ஆரம்பிப்பார்.

பவர் பட்டனை அழுத்தியதும்

முதலில் ஓடுவது விண்டோஸ் அல்ல. மதர்போர்டில் உள்ள ஒரு சிப்பில் எழுதிவைத்திருக்கும் சின்ன மென்பொருள்தான் முதலில் விழிக்கிறது. பழைய கம்ப்யூட்டர்களில் அது பயாஸ். விண்டோஸ் 8 வந்த 2012ஐ ஒட்டி, அதன் பிறகு வந்த பெரும்பாலானவற்றில் யுஇஎஃப்ஐ. பேச்சில் இரண்டையுமே பயாஸ் என்றுதான் சொல்கிறோம், அதனால் குழப்பம் ஒன்றும் இல்லை.

இந்த யுஇஎஃப்ஐக்கு சி டிரைவைப் பற்றி எதுவும் தெரியாது. விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் தனியாகப் பிரித்துவைத்த பகுதி) என்டிஎஃப்எஸ் என்ற முறையில் எழுதப்பட்டிருக்கும், அதைப் படிக்க யுஇஎஃப்ஐக்குப் பொதுவாகத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஃபேட்32 போன்ற எளிய முறைகள்தான். அதனால் விண்டோஸை நிறுவும்போதே டிஸ்க்கில் ஒரு குட்டிப் பார்ட்டிஷன் ஃபேட்32 முறையில் உருவாகிறது. இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்று பெயர், பெரும்பாலும் 100 எம்பி அளவு. விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற புரோகிராம் அதற்குள்தான் இருக்கிறது. கூடவே, விண்டோஸ் எந்த டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று குறித்துவைத்திருக்கும் பிசிடி என்ற கோப்பும் அங்கேயே இருக்கிறது. ஆக வரிசை இதுதான்: யுஇஎஃப்ஐ அந்தக் குட்டிப் பார்ட்டிஷனைக் கண்டுபிடிக்கிறது, அதிலுள்ள பூட் மேனேஜரை ஓட்டுகிறது, பூட் மேனேஜர் பிசிடியைப் படித்து சி டிரைவைத் தேடிப் போகிறது, அங்கிருந்து விண்டோஸ் தேவையான டிரைவர்களை (வன்பொருளை இயக்கும் சிறு மென்பொருள்களை) ஏற்றிக்கொண்டு எழுந்து வருகிறது.

இதை நீங்களே இப்போதே பார்க்கலாம். ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் கீழ்ப் பாதியில் 'டிஸ்க் 0' என்று ஒரு நீளப் பட்டை தெரியும். இடது ஓரத்தில் 100 எம்பியோ அதை ஒட்டியோ ஒரு சிறு கட்டம், நடுவில் சி டிரைவ், பல கம்ப்யூட்டர்களில் வலது ஓரத்தில் சில நூறு எம்பி அளவில் ரெக்கவரி பார்ட்டிஷன். இவை போக 16 எம்பி அளவில் மைக்ரோசாஃப்ட் தனக்காக ஒதுக்கிக்கொள்ளும் இன்னொரு பார்ட்டிஷனும் உண்டு, அது இந்தப் பட்டையில்கூடத் தெரியாது. ஃபைல் எக்ஸ்புளோரரில் சி டிரைவ் மட்டும்தான் கண்ணில் படுகிறது, சி டிரைவை மட்டும் காப்பி செய்கிறோம், பூட் ஆவதற்குத் தேவையான முதல் கண்ணி பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிடுகிறது. காப்பி பேஸ்ட் பலிக்காததன் காரணம் இவ்வளவுதான்.

பழைய பயாஸ் கம்ப்யூட்டர்களில் ஏற்பாடு வேறு. அங்கே டிஸ்க்கின் முதல் 512 பைட்டிலேயே பூட் ஆவதற்கான சிறு நிரலும் பார்ட்டிஷன் பட்டியலும் அடங்கிவிடும், அதற்கு எம்பிஆர் என்று பெயர். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை அந்த முறையால் முழுசாகக் கையாள முடியாது. யுஇஎஃப்ஐ கம்ப்யூட்டர்கள் பயன்படுத்துவது ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறை. உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'டிஸ்க் 0' என்ற எழுத்தின் மேலேயே ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போய், வால்யூம்ஸ் என்ற பகுதியில் பார்ட்டிஷன் ஸ்டைல் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று வேகத்தில் தட்டுகள் சுழல்கின்றன, இசைத்தட்டின் முள் போல ஒரு கை அவற்றின் மேல் நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. ஒவ்வொரு முறை அந்தக் கை இடம் மாறி, வேண்டிய பகுதி சுழன்று வந்து சேருவதற்கு ஏறக்குறைய 10 மில்லிசெகண்ட் ஆகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் விண்டோஸ் எழுந்து வரும்போது டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் அந்த 10 மில்லிசெகண்ட் சேர்ந்துகொண்டே போகிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை, அதே வேலைக்கு ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஒரு முழுநீளத் திரைப்படத்தை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பார்த்தாலும் எஸ்எஸ்டியிலிருந்து பார்த்தாலும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாது, அது வரிசையாகப் படிக்கிற ஒரே கோப்பு. ஆபரேட்டிங் சிஸ்டமும் புரோகிராம்களும்தான் எஸ்எஸ்டியின் முழுப் பலனையும் அனுபவிக்கின்றன. அதனால்தான், இருக்கிற பணத்தில் சின்ன எஸ்எஸ்டிதான் வாங்க முடியும் என்றால்கூட, ஆபரேட்டிங் சிஸ்டத்தை அதில் வைத்து வீடியோக்களைப் பழைய டிஸ்க்கில் விட்டுவிடுங்கள் என்று சொல்கிறோம்.

எந்த எஸ்எஸ்டி பொருந்தும்

இங்கேதான் நிறைய பேர் பணத்தை வீணாக்குகிறார்கள். எஸ்எஸ்டி இரண்டு உருவங்களில் பரவலாகக் கிடைக்கிறது: லேப்டாப் ஹார்ட் டிஸ்க் அளவில் இருக்கும் 2.5 அங்குலப் பெட்டி ஒன்று, சூயிங்கம் பட்டை அளவில் இருக்கும் எம்.2 என்ற மெல்லிய அட்டை இன்னொன்று. எம்.2 என்பது உருவத்தின் பெயர் மட்டுமே. அந்த உருவத்துக்குள் பழைய இணைப்பு முறையான சாட்டாவில் ஓடும் எஸ்எஸ்டியும் வரும், அதைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியும் வரும், பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். சில மதர்போர்டு சாக்கெட்டுகள் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டும். உங்கள் லேப்டாப் அல்லது மதர்போர்டின் கையேட்டில் எது என்று போட்டிருக்கும், வாங்குவதற்கு முன் அதைப் பார்க்காமல் இருக்கவே கூடாது. நீளமும் முக்கியம்: 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், சில சிறிய லேப்டாப்களில் அந்த நீளத்துக்கு இடம் இருக்காது.

வேகக் கணக்கைப் பார்த்தால், சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி வரை போகும், மூன்றாம் தலைமுறை பிசிஐஇ இணைப்பில் ஓடும் என்விஎம்இ 3500 எம்பி வரை, நான்காம் தலைமுறை 7000 எம்பி வரை. ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது உணர்கிற மாற்றத்தின் பக்கத்தில்கூட, சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது உணர்வது வராது. பழைய கம்ப்யூட்டரில் சாட்டா சாக்கெட் மட்டும்தான் இருக்கிறது என்று மனம் தளர வேண்டாம். இன்னொன்று, பழைய மதர்போர்டுகள் சிலவற்றில் அடாப்டர் வைத்து என்விஎம்இயை இணைத்துவிடலாம், விண்டோஸும் அதைப் பார்க்கும், ஆனால் அதிலிருந்து பூட் ஆக பயாஸுக்குத் தெரியாது. டெஸ்க்டாப்களில் எம்.2 சாக்கெட்டைப் பயன்படுத்தியதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் அணைந்துபோவதும் உண்டு, பழைய டிஸ்க் திடீரென்று காணாமல் போய்விட்டதே என்று பதறுவதற்கு முன் கையேட்டைப் பாருங்கள்.

கொள்ளளவு: 500 ஜிபி என்று அட்டையில் போட்டிருப்பதை விண்டோஸ் 465 ஜிபி என்று காட்டும், 1 டிபியை 931 ஜிபி என்று காட்டும். ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரங்களால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024களால் கணக்கிடுகிறது. பழைய டிஸ்க் 1 டிபியாக இருந்தாலும் அதில் நிரம்பியிருப்பது 180 ஜிபிதான் என்றால் 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு மாற்றலாம், ஆனால் கோப்பு முறையைப் புரிந்துகொண்டு சுருக்கத் தெரிந்த மென்பொருள் வேண்டும். குளோன்ஸில்லா போன்ற சில மென்பொருள்கள் எந்த அமைப்பையும் மாற்றாமல் ஓட்டினால், புது டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும்.

குளோனா, புதுசாக நிறுவுவதா

குளோன் என்றால் பழைய டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும், கண்ணுக்குத் தெரியாத அந்தக் குட்டிப் பார்ட்டிஷன் உட்பட, அதே வரிசையில் புது டிஸ்க்கில் எழுதுவது. டெஸ்க்டாப்பில் இருக்கும் ஐகான் முதல் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட் வரை எல்லாம் இருந்தபடியே வரும். புதுசாக நிறுவினால் விண்டோஸ் சுத்தமாக இருக்கும், ஆனால் புரோகிராம்களை ஒவ்வொன்றாக மறுபடி போட்டு, லைசன்ஸ் கீ தேடி, எல்லா அமைப்புகளையும் திரும்பச் செய்ய வேண்டும். விண்டோஸை நிறுவுவது சீக்கிரம் முடிந்துவிடும்; இந்தப் பிற்பாடு வேலைதான் நாள்கணக்கில் இழுக்கும்.

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதே தவிர மற்றபடி ஒழுங்காக ஓடுகிறது என்றால் குளோன் செய்யுங்கள். அடிக்கடி நீலத்திரை வருகிறது, வைரஸ் புகுந்த சந்தேகம் இருக்கிறது, அப்டேட்கள் நிறுவப்படாமல் தோல்வி அடைகின்றன என்றால் குளோன் வேண்டாம், அந்த நோயும் சேர்ந்தேதான் புது டிஸ்க்குக்கு வரும். பழைய டிஸ்க் எம்பிஆர் முறையில் இருந்து, கம்ப்யூட்டர் யுஇஎஃப்ஐயில் பூட் ஆகக்கூடியதாக இருந்தால் புதுசாக நிறுவுவதே பலருக்கும் எளிது. குளோன்தான் வேண்டும் என்றால் விண்டோஸ் 10இன் 2017 பதிப்பிலிருந்து எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உடனேயே வருகிறது, அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய கையோடு பயாஸிலும் பூட் முறையை யுஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும்.

லேப்டாப்பில் ஒரே ஒரு எம்.2 சாக்கெட்தான் இருக்கிறது, அதில் பழைய எஸ்எஸ்டி உட்கார்ந்திருக்கிறது என்றால் இரண்டு வழிகள். புது எஸ்எஸ்டியை ஒரு யுஎஸ்பி என்க்ளோஷரில் போட்டு வெளியிலிருந்து இணைத்துக் குளோன் செய்யலாம். அல்லது முழு டிஸ்க்கையும் ஒரே பெரிய இமேஜ் கோப்பாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் சேமித்து, புது எஸ்எஸ்டியை மாட்டிய பிறகு யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து அந்த இமேஜை அதில் விரிக்கலாம். இரண்டாவது வழியில் நேரம் கூட ஆகும், ஆனால் கையில் ஒரு பேக்கப்பும் மிஞ்சும்.

தொடங்குவதற்கு முன்

முக்கியமான கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் தனியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். குளோன் செய்வதே பேக்கப்தானே என்று விட்டுவிடாதீர்கள். தவறான டிஸ்க்கின் மேல் எழுதிவிட்டால் இரண்டுமே போய்விடும்.

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டிவைக்கும் விண்டோஸின் வசதி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. புதிய லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்ததும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். டிஸ்க்கைத் திறக்கும் சாவி மதர்போர்டில் உள்ள பாதுகாப்புச் சிப்போடு பிணைந்திருப்பதால் அன்றாடம் எதுவும் கேட்காது. ஆனால் டிஸ்க்கை மாற்றியதும், பயாஸில் எதையாவது தொட்டதும், 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டு நீலத்திரை நிற்கும். குளோன் செய்யும் மென்பொருளுக்கும் பூட்டிய பார்ட்டிஷனைச் சுருக்கவோ விரிக்கவோ முடியாமல் போகும். அதனால் செட்டிங்ஸில் போய் அது இயங்குகிறதா என்று பாருங்கள், இயங்கினால் ரெக்கவரி கீயை வேறொரு இடத்தில் எழுதிவைத்துக்கொண்டு, என்கிரிப்ஷனை முழுசாக அணையுங்கள். அணைத்ததும் உடனே முடியாது, டிஸ்க் முழுவதையும் அது திறந்து எழுத வேண்டும், அது முடியும் வரை பொறுத்திருங்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு புது எஸ்எஸ்டியில் மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில்தான் போகிறது. அந்த நிலையில் உள்ள சி டிரைவை லினக்ஸ் அடிப்படையில் ஓடும் குளோன் கருவிகள் தொட மறுக்கும். ரீஸ்டார்ட் கொடுக்கும்போது அந்தப் பிரச்சினை இல்லை, அல்லது ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுசாக அணையும்.

பழைய டிஸ்க்கின் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள். சி டிரைவின் பிராப்பர்ட்டீஸில் உள்ள எரர் செக்கிங்கை ஒரு தடவை ஓட்டினால் கோப்பு முறையில் உள்ள பிழைகள் சரியாகும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் தகவலைக் காட்டும் ஏதாவது ஒரு கருவியில் பென்டிங் செக்டர், ரீஅலோகேட்டட் செக்டர் (பழுதான பகுதிகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், அல்லது டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால், குளோன் பற்றி யோசிக்காமல் முதலில் உங்கள் ஆவணங்களை மட்டும் வெளியே எடுங்கள். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவைத்துப் படிப்பது அதன் மிச்ச ஆயுளையும் தின்றுவிடும். அதற்கென்றே டிடிரெஸ்க்யூ போன்ற கருவிகள் இருக்கின்றன, நல்ல பகுதிகளை முதலில் படித்துவிட்டுக் கெட்ட பகுதிகளுக்குப் பின்னால் திரும்பி வரும்.

சரி, மென்பொருள். சாம்சங், குரூஷியல், வெஸ்டர்ன் டிஜிட்டல் போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் எஸ்எஸ்டி வாங்கியவர்களுக்கு இலவசக் குளோன் மென்பொருள் தருகிறார்கள், முதல் தடவை செய்பவர்களுக்கு அதுவே போதும். நெடுநாளாகப் பலரும் பரிந்துரைத்த மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பு 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது, அதனால் பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டு அதைத் தேடி அலைய வேண்டாம். இலவசமாக, எந்த நிறுவனத்தின் டிஸ்க்காக இருந்தாலும் வேலை செய்ய வேண்டும் என்றால் குளோன்ஸில்லாவும், அதையே படங்களோடு எளிமையாக்கித் தரும் ரெஸ்க்யூஸில்லாவும் இருக்கின்றன. இவற்றை யுஎஸ்பியில் எழுதி அதிலிருந்து பூட் செய்ய வேண்டும்.

குளோன் செய்யும் நேரம்

புது எஸ்எஸ்டியை இணைத்ததும் 'டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்' என்றோ 'ஃபார்மட் செய்' என்றோ விண்டோஸ் கேட்கலாம். குளோன் செய்யப் போகிறோம் என்றால் எதுவும் தேவையில்லை, மூடிவிடுங்கள்.

இந்த முழு வேலையிலும் ஆபத்தான கணம் ஒன்றே ஒன்றுதான்: எது மூலம், எது இலக்கு என்று தேர்ந்தெடுக்கும் கணம். திரையில் இரண்டு டிஸ்க்குகள் தெரியும், இரண்டும் 465 ஜிபி என்று காட்டலாம், எண்களும் நீங்கள் எதிர்பார்த்த வரிசையில் இல்லாமல் போகலாம். அளவையும் எண்ணையும் நம்பாதீர்கள். மாடல் பெயரைப் படியுங்கள். எஸ்எஸ்டியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள அதே மாடல் பெயர் திரையிலும் வரும். அதோடு பார்ட்டிஷன் பட்டையையும் பாருங்கள், மூன்று நான்கு கட்டங்களோடு நிறைந்திருப்பது பழையது, ஒரே வெறும் கட்டமாக இருப்பது புதுசு. வேறு டிஸ்க்குகள், பென் டிரைவ்கள் இருந்தால் எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள். திரையில் இரண்டே இரண்டு இருந்தால் தவறு நடக்கும் வாய்ப்பு குறைகிறது. 'இந்த டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிந்துவிடும்' என்று கடைசியாக ஒரு எச்சரிக்கை வரும், அதில் வரும் பெயர் புது எஸ்எஸ்டியின் பெயர்தானா என்று பார்த்த பிறகே சம்மதம் கொடுங்கள்.

டிஸ்க்கைக் குளோன் செய்வதா, பார்ட்டிஷனைக் குளோன் செய்வதா என்று கேட்டால் டிஸ்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சி டிரைவை மட்டும் தேர்ந்தெடுத்தால் காப்பி பேஸ்ட் செய்தவரின் நிலைமைதான், முதல் கண்ணி வராது.

புது டிஸ்க் பெரிதாக இருந்தால் மீதி இடத்தை என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அப்படியே விட்டுவிட்டால், குளோன் முடிந்து பார்க்கும்போது சி டிரைவுக்கு அடுத்து ரெக்கவரி பார்ட்டிஷனும் அதற்கும் அப்பால் காலி இடமும் இருக்கும். சி டிரைவை விரிக்கலாம் என்று ரைட் கிளிக் செய்தால் 'எக்ஸ்டென்ட் வால்யூம்' மங்கிக் கிடக்கும், ஏனென்றால் ஒட்டினாற்போல் உள்ள காலி இடத்தை மட்டும்தான் டிஸ்க் மேனேஜ்மென்ட்டால் சேர்க்க முடியும், நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் மறித்துக்கொண்டு நிற்கிறது. பிறகும் சரிசெய்யலாம், ஜிபார்ட்டெட் போன்ற கருவியில் ரெக்கவரி பார்ட்டிஷனைக் கடைசிக்கு நகர்த்த வேண்டும். ஆனால் குளோன் செய்யும்போதே சி டிரைவை விரித்து ரெக்கவரியைக் கடைசிக்குத் தள்ளும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால் அதைப் பயன்படுத்திவிடுவதே நல்லது.

நேரம் எவ்வளவு ஆகும்? பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 200 ஜிபிக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இன்னும் நீளும். நடுவில் வேகம் சட்டென்று இறங்கினால் பயப்பட வேண்டாம். பல எஸ்எஸ்டிகளில் வேகமாக எழுதுவதற்கென்று ஒரு சிறு பகுதி இருக்கும், அது நிரம்பியதும் உண்மையான வேகத்துக்கு வந்துவிடும். லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டே வையுங்கள், தூங்கப் போகும் அமைப்பை அணைத்துவையுங்கள்.

முதல் பூட், பழைய டிஸ்க் இல்லாமல்

குளோன் முடிந்ததும் கம்ப்யூட்டரை முழுசாக அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்து இயக்குங்கள். (எம்.2 என்றால் சாய்வாகச் செருகி, மெதுவாகக் கீழே அழுத்தித் திருகைப் போட வேண்டும், திருகை இறுக்கி முறுக்க வேண்டாம்.) பழைய டிஸ்க்கைக் கழற்றச் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. குளோன் என்பது அசலின் அச்சு, அடையாள எண் உட்பட. இரண்டும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் எது எது என்று கம்ப்யூட்டருக்குக் குழப்பம் வரும், விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடலாம்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு, சத்தமே இல்லாமல் நடக்கும். யுஇஎஃப்ஐ பழைய டிஸ்க்கில் உள்ள குட்டிப் பார்ட்டிஷனிலிருந்து பூட் மேனேஜரை எடுத்து, அது புது எஸ்எஸ்டியில் உள்ள விண்டோஸை ஓட்டிவிடலாம். எல்லாம் வேகமாக ஓடும், நீங்களும் வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். சில மாதம் கழித்துப் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்த மறுநாள் கம்ப்யூட்டர் பூட் ஆகாது, எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று அதன் மேல் பழி விழும். பழைய டிஸ்க் இல்லாமல் ஒரே ஒரு தடவை பூட் செய்து பார்ப்பதுதான் இதற்கு முழுமையான சோதனை. அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலும் பாருங்கள், இஎஃப்ஐ பார்ட்டிஷனும் சி டிரைவும் ஒரே டிஸ்க்கின் பட்டையில் இருக்க வேண்டும்.

பூட் ஆகவில்லை என்றால், திரையில் என்ன வருகிறது என்பதை வைத்தே சங்கிலியில் எந்தக் கண்ணி என்று சொல்லிவிடலாம். 'பூட் டிவைஸ் இல்லை' என்ற மாதிரி ஒரு கறுப்புத் திரை வந்தால் முதல் கண்ணி: யுஇஎஃப்ஐயால் குட்டிப் பார்ட்டிஷனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் எழும்போது எஃப்2 அல்லது டெலீட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போய், எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா, பூட் வரிசையில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே தெரியவில்லை என்றால் சரியாகச் செருகவில்லை அல்லது சாக்கெட் பொருந்தவில்லை. பெயர் தெரிகிறது ஆனால் பூட் ஆகவில்லை என்றால், முன்னால் குறித்துவைத்தீர்களே, எம்பிஆரா ஜிபிடியா என்று, அதைப் பாருங்கள். எம்பிஆர் டிஸ்க்கின் குளோனை யுஇஎஃப்ஐ முறையில் மட்டும் பூட் செய்யச் சொன்னால் அது வராது.

பூட் கான்ஃபிகரேஷன் டேட்டாவில் பிழை என்று நீலத்திரை வந்தால் இரண்டாவது கண்ணி: பூட் மேனேஜர் வந்துவிட்டது, பிசிடி இன்னும் பழைய இடத்தையே காட்டுகிறது. விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் உள்ள ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகும். அது கைவிட்டால் அதே இடத்தில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பிசிடிபூட் என்ற கட்டளையால் பூட் கோப்புகளைப் புதிதாக எழுதலாம்.

விண்டோஸ் லோகோ வந்து, பிறகு 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று விழுந்தால் கடைசிக் கண்ணி, டிரைவர். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போதோ, பயாஸில் சாட்டா முறை ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ திரும்பியோ மாறியிருந்தாலோ இது வரும். விண்டோஸ் 8.1 முதல் என்விஎம்இ டிரைவர் உள்ளேயே இருக்கிறது, ஆனால் முந்தைய டிஸ்க்குக்குத் தேவைப்படாததால் பூட் நேரத்தில் ஏற்றாமல் விட்டிருக்கலாம். சேஃப் மோடில் ஒரு தடவை பூட் செய்தால் அது தேவையான டிரைவரை ஏற்றிக்கொள்ளும், அடுத்த பூட்டிலிருந்து சாதாரணமாக வரும். பயாஸில் அந்த அமைப்பைத் தற்செயலாக மாற்றியிருந்தால் பழையபடி வைத்துவிடுங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சங்கிலி அதேதான், பூட் மேனேஜருக்குப் பதில் பெரும்பாலும் கிரப். முழு டிஸ்க்கையும் குளோன் செய்தால் பார்ட்டிஷன்களின் யுயுஐடி (அடையாள எண்) அப்படியே வரும், அதனால் இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து மாட்டினால் எது ஏறும் என்று சொல்ல முடியாது. கோப்புகளை மட்டும் ஆர்சிங்க்கால் நகர்த்தினால் யுயுஐடி மாறும், எஃப்எஸ்டேபில் புதியதை எழுதி, கிரப்பையும் மறுபடி நிறுவ வேண்டும்.

எல்லாம் ஓடிய பிறகு

'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' என்பதைத் திறந்து சி டிரைவுக்கு நேரே சாலிட் ஸ்டேட் டிரைவ் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால், அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்கு அவ்வப்போது தெரிவிக்கும் ட்ரிம் வேலையை விண்டோஸே கவனித்துக்கொள்ளும். வெளி நிறுவனங்களின் டிஃப்ராக் மென்பொருள்கள் எஸ்எஸ்டிக்குத் தேவையில்லை, வீணாக எழுதி அதன் ஆயுளைக் குறைக்கும். விண்டோஸ் ஆக்டிவேஷன் பெரும்பாலும் மதர்போர்டோடு பிணைந்தது என்பதால் டிஸ்க்கை மட்டும் மாற்றியதற்காக அது போவதில்லை. பிட்லாக்கரை அணைத்திருந்தால் மறுபடி இயக்குங்கள், புது ரெக்கவரி கீயைச் சேமியுங்கள்.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். சில வாரங்கள் தொடாமல் ஓரமாக வையுங்கள். எல்லாப் புரோகிராமும் திறக்கிறதா, பெரிய அப்டேட் ஒன்று வந்து சரியாக நிறுவப்படுகிறதா, தூக்கத்திலிருந்து ஒழுங்காக விழிக்கிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். ஏதாவது தவறினால் பழையதைத் திரும்ப மாட்டினால் குளோன் செய்த நாளின் நிலைக்குத் திரும்பிவிடலாம், அதற்குப் பிறகு உருவாக்கிய கோப்புகளை மட்டும் எஸ்எஸ்டியிலிருந்து எடுத்துக்கொண்டால் போதும்.

நம்பிக்கை வந்த பிறகு பழையதைச் சேமிப்புக்குப் பயன்படுத்த வேண்டும் என்றால், அதில் உள்ள எல்லாப் பார்ட்டிஷன்களையும் நீக்கி ஒரே புதுப் பார்ட்டிஷனாக ஆக்குங்கள், பழைய பூட் கோப்புகள் அதில் தங்கவே கூடாது. இஎஃப்ஐ பார்ட்டிஷனை டிஸ்க் மேனேஜ்மென்ட் நீக்க விடாது. டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'கிளீன்' கொடுக்க வேண்டும். கிளீன் கொடுத்தால் மறுபடி உறுதி கேட்காது, அந்த நொடியே பார்ட்டிஷன் பட்டியல் போய்விடும், அதனால் டிஸ்க் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே என்டர் தட்டுங்கள். வேறு யாருக்காவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால் வெறும் கிளீன் போதாது, கோப்புகளை மீட்டுவிட முடியும். 'கிளீன் ஆல்' கொடுத்தால் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களால் நிரப்பும். பெரிய ஹார்ட் டிஸ்க்கில் அது பல மணி நேரம் ஓடும், இரவில் போட்டுவிட்டுக் காலையில் வந்து பாருங்கள்.